பதினெட்டு இருக்கை வண்டி

போன மாதம் கோமதி வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்ற அன்று என் நாற்காலியில் உட்கார்ந்தவள். ஆம்புலன்ஸ் நடத்துகிறவர்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய கட்டணம், தவணை தவறினால் எவ்வளவு அபராதம் என்பதைப் பற்றிப் புதிதாக ஓர் உத்தரவு வந்திருக்கிறதாம். பிரிவில் ஆளுக்கொரு அர்த்தம் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். "அக்கா, அந்தக் காலத்துல இதே விஷயத்துல நீங்க ஒரு கேஸ் பார்த்தீங்களாமே, அதைச் சொல்லுங்களேன்" என்றாள். சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் என்னால் உட்கார்ந்து சொல்ல முடியவில்லை, எழுந்து நின்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். கோமதி கிளம்பும்போது, "இதை எழுதிடுங்க" என்றாள். எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. வியாசர்பாடியில் எங்கள் வரிசை வீடுகளில் அரசாங்க வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். அப்பாவுக்கு மில்லில் நூற்புப் பிரிவு. தேர்வு எழுதியது, தட்டச்சு படித்தது, அம்மா தன் புடவை ஒன்றை எனக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தது எல்லாம் ஒரே மூச்சில் நடந்து முடிந்தாற்போல இருக்கிறது. ராயபுரத்தில் மோட்டார் வாகன வரி வசூலிக்கும் கிளை அலுவலகத்தில், பாக்கிப் பிரிவில், எழுத்தராகச் சேர்ந்தேன். இரண்டு வருடம் தகுதிகாண் காலம். அதற்குள் ஒரு கரும்புள்ளி விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பாக்கிப் பிரிவின் வேலை இதுதான். ஒவ்வொரு வண்டிக்கும் கனமான மஞ்சள் தாள் ஒன்று உண்டு. வண்டியின் எண், உரிமையாளர் பெயர், வகை, இருக்கைகளின் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். வாடகைக்கு ஓடும் வண்டிகளுக்கு இருக்கைக் கணக்கில் வரி. மூன்று மாதத்துக்கு ஒரு தவணை. தவணையின் முதல் மாதத்துக்குள் கட்டினால் அபராதம் இல்லை. இரண்டாவது மாதம் வரியில் கால் பங்கு அபராதம், மூன்றாவது மாதம் அரைப் பங்கு, அடுத்த தவணை பிறந்துவிட்டால் வரி எவ்வளவோ அவ்வளவு. இரண்டு தவணை விட்டுப்போனால் வண்டியையே பிடித்து வைக்க வேண்டும். கட்ட வருகிறவர் சலானை மூன்று படியாக எழுதி, எங்களிடம் கையெழுத்து வாங்கி, கருவூலத்தில் பணம் கட்டி, ரசீதோடு திரும்ப வந்தால்தான் கண்ணாடியில் ஒட்டும் வட்ட டோக்கன் கிடைக்கும். கவுன்ட்டர் மூன்று மணிக்கு மூடும். மூன்று மணி ஒரு நிமிடத்துக்கு வந்து அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன், திட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மேலாளர் வேதமூர்த்தி சார். உயரமான மனிதர். உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை. ரிக்ஷாக்காரரோ லாரி முதலாளியோ, எல்லாரையும் "நீங்க" என்றுதான் சொல்வார். வரும் தாள் ஒவ்வொன்றையும் நின்றுகொண்டு படிப்பார், உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். இரண்டையும் ஒரே நிலையில் செய்து நான் பார்த்ததில்லை. சேர்ந்த முதல் வாரம் விதிப் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "கதை படிக்கிற மாதிரி முதல் பக்கத்திலேருந்து படிங்க. நமக்கு வேண்டிய விதி மட்டும் படிச்சா நமக்கு வேண்டியதுதான் கண்ணுல படும்" என்றார். படித்தேன். யாராவது ஏதாவது சொன்னால், தலையைச் சற்றுச் சாய்த்து, "எங்கே இருக்கு?" என்று கேட்பார். பக்கத்தைக் காட்டினால் ஒத்துக்கொள்வார். காட்டாவிட்டால், உண்மையே ஆனாலும், அது அவருக்குக் காற்றில் போன பேச்சு.

இஸ்மாயில் பாய் எங்கள் கவுன்ட்டருக்குப் பழக்கப்பட்ட முகம். தண்டையார்பேட்டைக்காரர். யுத்தம் முடிந்து ராணுவம் தன் பழைய வண்டிகளை ஏலம் விட்டபோது, ஒரு ஆம்புலன்ஸை எடுத்து, செப்பனிட்டு, தானே ஓட்டிக்கொண்டிருந்தார். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த ஆலையில் யாருக்கு அடிபட்டாலும் அவர் வண்டிதான் முதலில் போகும். ஆலைகள் வாடகையை மூன்று நான்கு மாதம் கழித்துத் தரும். குடிசைவாசிகளிடம் அவர் கேட்பதே இல்லை. அதனால் ஒவ்வொரு தவணையும் தாமதம். ஒவ்வொரு தாமதத்துக்கும் அபராதம்.

"இன்னாம்மா, சாவக் கெடக்குறவன இட்டுகினு போற வண்டிக்குக்கூடவா ஃபைனு போடுவீங்கோ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "விதி அப்படி, பாய்" என்பேன். "வெதிச்சவன் வந்து ஒரு தபா இந்த வண்டில படுத்துப் பாக்கட்டும்" என்று சிரித்துவிட்டுச் சலானை எழுதுவார்.

நான் சேர்ந்த அடுத்த வருடம் இரண்டு தவணை அப்படியே நின்றுபோனது. வண்டியைப் பிடிக்கும் உத்தரவை நான்தான் தட்டச்சு செய்தேன். ஆள் அனுப்பத் தேவையே இருக்கவில்லை. நோட்டீஸ் கைக்குக் கிடைத்த மறுநாள் காலை, பாய் தானே வண்டியை ஓட்டிவந்து எங்கள் பின்கட்டு முற்றத்தில் நிறுத்திச் சாவியை என் மேஜையில் வைத்தார். ஸ்டீயரிங் வழியாகக் கம்பியைக் கோத்து, ஈயத் துண்டை அழுத்தி, அலுவலக முத்திரை போட்டு மூடினோம். பாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள், காலை பதினொரு மணி இருக்கும். வேதமூர்த்தி சார் தலைமை அலுவலகத்தில் கூட்டம் என்று போயிருந்தார். பாய் வழக்கம்போல முற்றத்தில் வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தார். தன் வீட்டுக்குப் பக்கத்து மரக்கடைக்காரரின் தொலைபேசி எண்ணைத்தான் ஆலைகளுக்கெல்லாம் அவர் கொடுத்து வைத்திருந்தார். அந்தக் கடைக் கணக்குப்பிள்ளை மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"பாய்! திருவொத்தியூர் எண்ணெ மில்லுல ஸ்டீம் பைப்பு வெடிச்சிடுச்சாம். ரெண்டு பேரு. ஒருத்தன் மேலெல்லாம் வெந்துபோச்சாம். ஆஸ்பத்திரி வண்டி வேற கேசுக்குப் போயிருக்குதாம், வர நேரமாகுமாம். ஒன்ன ஒடனே வரச் சொல்றாங்கோ!"

பாய் என் ஜன்னலுக்கு ஓடிவந்தார். "சாவியக் குடும்மா."

"பாய், முத்திரை..."

"தெரியும்மா. ஆளு வெந்து கெடக்குறான்மா. போய் இட்டாந்து உட்டுட்டு, நானே வண்டியக் கொண்டாந்து இங்கயே நிறுத்துறேன். வோணும்னா என்னக் கட்டிப் போடு."

சாவி என் மேஜை இழுப்பறையில் இருந்தது. அலுவலகத்தில் எனக்கு மேலே ஒருவரும் இல்லை. தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். கூட்டம் நடக்கிறது, யாரையும் கூப்பிட முடியாது என்றார்கள். அப்போதுதான், கதை படிக்கிற மாதிரிப் படித்த அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு விதி மின்னல் மாதிரி மனதில் வெட்டியது. பிடித்து வைத்த வண்டியை இடம் மாற்ற நேர்ந்தால், எழுத்தர் நிலைக்குக் குறையாத ஊழியர் ஒருவரின் காவலில் மட்டுமே நகர்த்த வேண்டும். ஒரு முற்றத்திலிருந்து இன்னொரு முற்றத்துக்கு மாற்றுவதற்காக எழுதிய விதி அது. ஆனால் எங்கிருந்து எங்கே என்று அதில் இல்லை!

முற்றத்துப் பதிவேட்டை இழுத்து எழுதினேன்: 'காவலில் நகர்த்தப்படுகிறது. போகுமிடம் திருவொற்றியூர். காவல் ஊழியர்...' என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பியூனிடம் கவுன்ட்டரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். இடுக்கியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடி, கம்பியை நானே வெட்டினேன்.

"ஏறும்மா!" என்று பாய் கத்தினார். முன்னால் அவருக்குப் பக்கத்தில் ஏறினேன். தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கியது. "அதப் புடிச்சி இழு, மணியடி! உடாதே, அடிச்சிகினே வா!"

அப்படி ஒரு பயணத்தை நான் அதற்குமுன் போனதில்லை. மணியை இழுக்க இழுக்கச் சாலை எங்களுக்கு முன்னால் பிளந்துகொண்டே போனது. உப்பு மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் வரிசையாக ஓரம் கட்டின. மீன்கூடைக்காரிகள் கூடையோடு ஒதுங்கினார்கள். பாய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "நவுரு நைனா, நவுரு! உயிரு போவுதுய்யா!" என்று கத்திக்கொண்டே ஓட்டினார். எனக்குப் பயம் போய் வேறு ஏதோ வந்துவிட்டது. என் வேலை, தகுதிகாண் காலம், வேதமூர்த்தி சார் எல்லாம் எங்கோ பின்னால் தங்கிவிட்டாற்போல இருந்தது. கை வலிக்க வலிக்க மணியடித்தேன்.

மில் வாசலில் கூட்டம். தேசப்பன் என்கிற கொதிகலன் தொழிலாளியை ஈரச் சாக்கில் சுற்றித் தூக்கிவந்தார்கள். தோள், மார்பு, இரண்டு கை எல்லாம் வெந்திருந்தது. இன்னொருவருக்குக் கால் மட்டும். அவரை முன்னிருக்கையில் ஏற்றினார்கள். தேசப்பனின் மனைவி பூங்காவனம் அதே மில்லில் கூலி வேலை செய்பவள். கை நிறையப் பிண்ணாக்குத் தூளோடு ஓடிவந்து, யாரையும் கேட்காமல் பின்னால் ஏறிவிட்டாள். முன்னால் இடமில்லாததால் நானும் பின்னாலேயே ஏறினேன்.

பக்கத்துக்கு இரண்டாக, கீழொன்று மேலொன்றாக, நான்கு ஸ்ட்ரெச்சர்கள் இரும்புச் சட்டத்தில் முடுக்கப்பட்டிருந்தன. இடது பக்கம் கீழே தேசப்பன். வண்டி உலுக்கிக்கொண்டு கிளம்பியதும், எதிர்ப்பக்கக் கீழ் ஸ்ட்ரெச்சரில் உட்காரப் போனேன். மேல் ஸ்ட்ரெச்சரின் இரும்பு மடேரென்று என் தலையில் இடித்தது. குனிந்து உட்கார்ந்து பார்த்தேன். தாடை மார்பில் முட்டியது, அடுத்த குலுக்கலில் மறுபடியும் இடித்தது. சரிந்து தரையில் உட்கார்ந்தேன். பூங்காவனம் வழி முழுக்க மண்டியிட்டபடி ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துணியைத் தண்ணீரில் நனைத்து நனைத்துப் புருஷன் உதட்டில் வைத்துக்கொண்டே வந்தாள்.

"தே, கண்ணத் தொற. என்னப் பாரு. தூங்காதே இன்னா? தோ வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்த்து, "நர்ஸம்மா, பொழச்சிக்குவாரா?" என்று கேட்டாள்.

"நான் நர்ஸ் இல்லை அக்கா. வரி ஆபீஸ்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "செத்த இந்தக் கெண்டியப் புடி" என்றாள். பிடித்துக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோனதும், ஒரு டாக்டர் வெளியே வந்து, இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார். பாய் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

நாங்கள் திரும்பியபோது, வேதமூர்த்தி சார் முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கையில் நான் வெட்டிப் போட்ட கம்பி.

"வண்டியை அதே இடத்துல நிறுத்தச் சொல்லுங்க" என்றார். நிறுத்தினார் பாய். புதுக் கம்பி, புது ஈயம், புது முத்திரை. சாரே அழுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "பதிவேட்டுல எழுதினதைப் பார்த்தேன். உத்தரவில்லாம முத்திரையை வெட்டினது ஏன்னு நாளைக்குப் பத்து மணிக்குள்ள எழுத்துல விளக்கம் குடுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை.

விளக்கம் எழுதுவதற்காக வண்டியின் மஞ்சள் தாளை எடுத்தேன். வண்டி எண், வகை என்று பார்த்துக்கொண்டே வந்த என் கண் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. இருக்கைகள்: பதினெட்டு.

பதினெட்டா? ஒன்றரை வருடமாக அதே எண்ணைப் பெருக்கி வரி போட்டிருக்கிறேன், அபராதம் போட்டிருக்கிறேன், வண்டியைப் பிடிக்கும் உத்தரவையே தட்டச்சு செய்திருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த எண்ணை நான் பார்த்ததில்லை! ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்த வண்டியில் உட்கார ஓர் இடம் கிடைக்காமல் தரையில் கிடந்தேன். என் உச்சந்தலை இன்னும் வீங்கியிருந்தது.

கோப்பைத் தேடினேன். பதிவு செய்த நாளில் ஆய்வாளர் எழுதிய குறிப்பு கிடைத்தது. பெஞ்சு வைத்த வண்டிகளுக்குப் பதினைந்து அங்குலத்துக்கு ஓர் இருக்கை என்று அளப்பது வழக்கம். அதே முறையில் ஒரு ஸ்ட்ரெச்சருக்கு நான்கு, நான்கு ஸ்ட்ரெச்சருக்குப் பதினாறு, முன்னால் இரண்டு, ஆகப் பதினெட்டு. விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். இருக்கை என்றால், 'ஒருவர் அமர்ந்து பயணம் செய்யத்தக்க இடம்'. அப்படியானால் அந்த வண்டிக்கு இருக்கை இரண்டுதான். இரண்டு! பதிவான நாளிலிருந்து பாய் கட்டிய வரியைக் கூட்டினேன். இரண்டு இருக்கைக்கு வர வேண்டியதைக் கழித்தேன். மறுபடியும் கூட்டினேன். அவர் நமக்குத் தர வேண்டியது ஒன்றுமே இல்லை. நாம்தான் அவருக்குத் தர வேண்டும். இல்லாத கடனுக்கு அபராதம் வாங்கியிருக்கிறோம்!

நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தேன். அப்புறம்தான் குறிப்பின் அடியில் இருந்த ஆய்வாளரின் கையெழுத்தைப் பார்த்தேன். வேதமூர்த்தி.

மறுநாள் காலை என் விளக்கத்தை இரண்டு தாளாகக் கொடுத்தேன். முதல் தாளில் முத்திரையை வெட்டியதை ஒத்துக்கொண்டு, அந்தக் காவல் விதியையும் எழுதியிருந்தேன். இரண்டாவது தாளில் பதினெட்டு. அவர் நின்றுகொண்டு படித்தார். முதல் தாளை மேஜையில் வைத்தார். இரண்டாவது தாளை மறுபடி படித்தார். கீழே தன் பெயரை நான் எழுதாமல் 'பதிவு ஆய்வாளர்' என்று மட்டும் எழுதியிருந்ததைக் கவனித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"எங்கே இருக்கு?" என்றார்.

புத்தகத்தைத் திறந்து காட்டினேன்.

"டேப்பை எடுத்துக்கிட்டு வாங்க."

முற்றத்தில் பாய் எழுந்து நின்றார். வேதமூர்த்தி சார் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார், ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினார். கீழ் ஸ்ட்ரெச்சரில் உட்காரப் போனார். மடேரென்று சத்தம். பாய் உதட்டைக் கடித்துக்கொண்டார். சார் முகம் மாறவில்லை. அடுத்த பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். காலை மடக்கிப் பார்த்தார். மேல் ஸ்ட்ரெச்சரில் ஏறி முயன்றார், கூரை தடுத்தது. கடைசியில் கீழ் ஸ்ட்ரெச்சரில் நீட்டிப் படுத்து ஒரு நிமிடம் மேலே பார்த்தபடி கிடந்தார்.

"எழுதிக்குங்க" என்றார் படுத்தபடியே. "படுக்க முடியுது. உட்கார முடியலை."

"சார், இன்னா சார் நடக்குது?" என்றார் பாய், ஒன்றும் விளங்காமல்.

"அன்னைக்கு உங்க வண்டியை நான் வெளியிலேருந்து அளந்துட்டேன், உள்ளே ஏறிப் பார்க்கலை. தப்பு என்னோடது" என்றார் சார்.

அன்று பத்தரை மணிக்கு நான்கு வரியில் அவர் எழுதிய குறிப்பை நான் தட்டச்சு செய்தேன். ஆய்வு செய்த தானே தவறாக வகைப்படுத்தியதாகவும், தலைமை அலுவலக ஆணை வரும்வரை வண்டியைத் தன் சொந்தப் பொறுப்பில் விடுவிப்பதாகவும் இருந்தது. இடுக்கியை என் கையிலிருந்து வாங்கி, கம்பியை அவரே வெட்டினார்.

சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு இன்னொரு தாளை நீட்டினார். அனுமதியின்றி முத்திரையை வெட்டியதற்காக என் சம்பள உயர்வு ஆறு மாதம் தள்ளிவைக்கப்படுகிறது என்று இருந்தது.

"சார்..."

"அது வேற, இது வேற. அந்தக் காவல் விதி வண்டியை நகர்த்தத்தான் சொல்லுது, முத்திரையை வெட்டச் சொல்லலை. இனிமே இப்படி நேர்ந்தா என்ன செய்வீங்க?"

"வெட்டுவேன் சார்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். "அப்ப ஆறு மாசம் சரிதான்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்த ஒரே நாள் அது.

ஒன்றரை மாதம் கழித்து ஆணை வந்தது. அபராதங்கள் ரத்து, கூடுதலாக வாங்கிய வரி வருங்காலத் தவணைகளில் கழிக்கப்படும் என்று இருந்தது. அதே உறையில் வேதமூர்த்தி சாருக்கு ஒரு கண்டனமும் வந்தது. படித்துவிட்டுத் தன் கோப்பில் தானே கோத்துக்கொண்டார். தேசப்பன் நாலைந்து மாதத்தில் தேறினார். விரல்கள் முழுதும் மடங்கவில்லை என்றாலும், மில்லில் வாயில் காவல் வேலை கொடுத்தார்கள்.

கழிக்க வேண்டிய தொகையெல்லாம் தீர்ந்து மறுபடியும் வரி கட்ட வேண்டிய தவணை வந்தபோது, முதல் நாள் காலையில், கவுன்ட்டர் திறப்பதற்கு முன்பே பாய் நின்றிருந்தார். சலானை நீட்டினார். இருக்கை எண்ணிக்கைக் கட்டம் காலியாக இருந்தது.

"ரெண்டுதானே பாய்? நானே போட்டுக்கிறேன்."

"மூணு போடும்மா."

"மூணா?"

"ஸ்ட்ரெச்சர் பக்கத்துல ஒரு பலக அடிச்சிகீறேன். சின்னப் பலக. அன்னிக்கு அந்தப் பொண்ணு வழிபூரா மண்டி போட்டுகினே வந்துச்சே, கண்ணாடில பாத்துகினுதான் ஓட்னேன். கூட வர்ற பொண்டாட்டியோ தாயோ இனிமே உக்காந்து வரட்டும்."

"பாய், அதுக்கும் வரி உண்டு. ஒவ்வொரு தவணையும் கட்டணும்."

"தெரியும்மா, அதான் நானே வந்து சொல்றேன். படுக்குற எடத்துக்குத்தான் கட்டமாட்டேன். உக்கார்ற எடத்துக்கு இன்னா, தாராளமாக் கட்றேன்" என்றார். சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து ஜன்னல் பலகையில் வைத்து, "எழுதும்மா, சட்டுனு. கருவூலம் தொறக்குற நேரம். எண்ணூர்ல ஒரு பிரசவக் கேசு காத்துகினு கீது" என்றார்.

மூன்று என்று எழுதினேன்.